நடக்காத பதினொரு திருட்டு

காலை பத்தேகால் மணிக்கு, நடக்காத திருட்டுக்குத் திருடன் கிடைத்துவிட்டான்.

பிடித்துக்கொண்டு வந்தவர் தனிப்படை எஸ்.ஐ. பிரித்திவிராஜ். ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கி, ஸ்டேஷன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, நேரே புகார் எழுதும் ரைட்டர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வயது இருபத்தேழு. மீசை இன்னும் ஒழுங்காகக் கூடவில்லை. உற்சாகம் மட்டும் ஊருக்கே போதும்.

"ரைட்டரம்மா, இன்னைக்கு நீங்கதான் ஸ்வீட் வாங்கித் தரணும். பதினொரு கேஸும் ஒரே ஆளு. பொருளோட புடிச்சாச்சு."

"எந்தப் பதினொண்ணு சார்?" என்றாள் கோகிலவாணி.

"தெருவிளக்கு பேட்டரிதான். நீங்க எழுதின எஃப்.ஐ.ஆர்.தானே, மறந்துட்டீங்களா?"

எப்படி மறப்பாள்? அந்தப் பதினொரு திருட்டையும் உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதியவளே அவள்தான். எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம், எந்தத் தேதி, 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எல்லாமே அவள் மண்டையில் உதித்தவை. புன்னைத்தாங்கல் ஊரில் ஒரு பேட்டரிகூடத் திருடு போகவில்லை. திருடு போவதற்கு அந்த விளக்குகளில் பேட்டரியே இருந்ததில்லை.

பிடிபட்டது யார் என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இருபத்திரண்டு வருட சர்வீஸ் போட்ட ஒரு தலைமைக் காவலருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

எந்தக் காவல் நிலையத்துக்கு எத்தனை போலீஸ் என்பதை மனிதர்கள் முடிவு செய்வது நின்று ஆறு வருடமாகிறது. அதற்கென்று ஒரு கணினி மூளையை வைத்திருந்தார்கள். அரசாங்கம் அதற்குச் சூட்டிய பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் போலீஸ்காரர்கள் அதைப் 'பந்தி' என்றார்கள். கல்யாணப் பந்தியில் எந்த இலைக்கு எவ்வளவு என்பது பரிமாறுகிறவன் கையில் இருப்பதுபோல, வெள்ளிக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு அது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஆளைப் பரிமாறும். சிபாரிசு செல்லாது, மந்திரி வீட்டு போன் செல்லாது. எவ்வளவு வழக்கோ அவ்வளவு ஆள். காதில் விழும்போது நியாயமாகத்தான் இருந்தது.

பந்திக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. காவல் நிலையத்தில் புகாருக்கு இரண்டு காகிதம் உண்டு. ஒன்று எஃப்.ஐ.ஆர்., அது வழக்கு. இன்னொன்று சி.எஸ்.ஆர். ரசீது. 'உங்கள் புகார் வந்து சேர்ந்தது, வீட்டுக்குப் போங்கள்' என்று அர்த்தம். ரசீது வழக்கில் சேராது. இன்ஸ்பெக்டர் தணிகைவேலுக்கு ரசீது என்றால் உயிர். ஊரில் குற்றம் குறைவாகத் தெரிந்தால் அதிகாரிக்கு நல்ல பெயர் என்று பந்தி வருவதற்கு முன்னால் பழகிய பழக்கம், வந்த பிறகும் விடவில்லை. செயின் போனாலும் ரசீது, மண்டை உடைந்தாலும் ரசீது. 'குற்றமில்லா நிலையம்' என்று கேடயம்கூடக் கொடுத்தார்கள். கேடயத்தை மாட்டிய மூன்றாவது மாதம், இந்த ஊருக்கு எதற்கு இத்தனை பேர் என்று பந்தி பத்துப் பேரைத் தூக்கிக்கொண்டது. ஆள் குறைந்ததும் புகாரை வாங்கி எழுத ஆளில்லை. எழுதாததால் வழக்கு இன்னும் குறைந்தது. வழக்கு குறைந்ததால் ஆள் இன்னும் குறைந்தது. நாற்பது பேர் இருந்த இடத்தில் கடைசியில் நாலே பேர்: இன்ஸ்பெக்டர், ரைட்டர், டிரைவர், முட்டிவலியோடு வாசலில் நிற்கும் பாராக்காவலர். குற்றம் மட்டும் குறையவில்லை. அதற்குப் பந்தி இருக்கிற சங்கதியே தெரியாது.

அந்த நாலு பேர் காலத்தில்தான் ஹேமாவதி வந்தாள். டயாலிசிஸ் சென்டரில் உதவியாளர் வேலை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. முன்பு வேறு ஊரில் குடியிருந்தபோது அவளைக் கத்தியால் கீறிவிட்டு ஜெயிலுக்குப் போன கணவன் முரளி ஜாமீனில் வந்திருந்தான். ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது. வைத்தான். முதல் தடவை எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா பார்த்தான். இரண்டாவது தடவை கதவில் சாணியடித்தான். மூன்றாவது தடவை அவள் ஸ்கூட்டரைக் கொளுத்தினான். நாலாவது தடவை குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் நின்று, அதன் கையில் ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, 'அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வரேன்னு அம்மாகிட்ட சொல்லு' என்று தலையைத் தடவிவிட்டுப் போனான்.

நாலு தடவையும் கோகிலவாணி புகாரை இன்ஸ்பெக்டரிடம் எடுத்துப் போனாள். நாலு தடவையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

"ரசீது போட்டுக் குடும்மா. பொம்பளைங்க கேஸுன்னா நேரா டி.ஐ.ஜி. மேசைக்குப் போவும். ரிடையர் ஆவ எனக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கு."

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவள் பந்தியின் உதவி மையத்துக்கே போன் போட்டாள். யாழினி என்று ஒரு பெண் எடுத்தாள்.

"ரெண்டே ரெண்டு போலீஸ் அனுப்பும்மா. ஒரு பொண்ணோட உசுரு" என்றாள் கோகிலவாணி.

"நான் அனுப்ப முடியாது மேடம். கணக்குதான் அனுப்பும். உங்க ஸ்டேஷன்ல கேஸே இல்லையே."

"கொலை மிரட்டல்னு போட்டா?"

"மிரட்டலுக்கு ஒரு புள்ளி. மூணு புள்ளி சேர்ந்தாத்தான் ஒரு ஆள் வரும். தெருவிளக்கு, குடிதண்ணி மோட்டார் மாதிரி பொதுச்சொத்து திருடுபோனா நாலு புள்ளி மேடம்."

"ஏம்மா, பொண்ணோட உசுர விடத் தெருவிளக்கு ஒசத்தியா?"

யாழினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பொருளுக்கு விலை இருக்கு மேடம், கணக்குல ஏறிடும். பயத்துக்கு என்ன விலை போடறதுன்னு இவங்களுக்குத் தெரியல."

போனை வைத்த கோகிலவாணி ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே சூரியஒளித் தெருவிளக்குக் கம்பம். இரண்டு வருடத்துக்கு முன்னால் புயலில் அப்படி ஒரு கம்பம் சாய்ந்தபோது, பேட்டரி இருக்க வேண்டிய பெட்டி வாயைப் பிளந்து கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு குளவிக்கூடு. அவ்வளவுதான். ஒயர்கூடக் கிடையாது. இல்லாத பேட்டரி திருடு போனால் யாருக்கு நட்டம்? ஒருவருக்கும் இல்லை. இப்படித்தான் அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரோந்தில் கண்டதாக மூன்று வாரத்தில் பதினொரு திருட்டை எழுதினாள். இன்ஸ்பெக்டரும் தடுக்கவில்லை. பேட்டரி திருட்டால் யார் பெயரும் கெடாது.

நாற்பத்து நாலு புள்ளி. பிரித்திவிராஜையும் சேர்த்துப் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். அதில் இரண்டு பேரை ஹேமாவதியின் தெருமுனையில் நிற்க வைத்தாள். ஐந்து வாரமாக முரளி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கோகிலவாணி ராத்திரியில் தூங்கினாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. வந்த போலீஸ் சும்மா உட்கார்ந்திருக்காது. ஆளைக் கொடுத்த பந்தி, கண்டுபிடித்தது எத்தனை என்று அதே வாயால் கேட்கும். ஒன்பது வருடம் ரைட்டராக இருந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஸ்டேஷன் வராந்தாவில் பதினொரு பேட்டரியும் வரிசையாக அடுக்கியிருந்தது. புது நீலப் பெயின்ட், தொட்டால் விரலில் ஒட்டியது. எங்கோ பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்ததென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நகராட்சி இன்ஜினியர் அரை மணி நேரத்தில் வந்து, 'இவை எங்கள் பேட்டரிகள்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஏன் போட மாட்டார்? வாங்காத பேட்டரிக்கு இப்போது போலீஸ் முத்திரையோடு சாட்சி கிடைத்துவிட்டதே.

லாக்கப்புக்கு வெளியே தரையில் சம்பங்கி உட்கார்ந்திருந்தான். அறுபது தாண்டிய ஆள். மூன்று சக்கர வண்டியில் பிளாஸ்டிக்கும் அட்டையும் பொறுக்குகிற தொழில். இருபது வருடத்துக்கு முன்னால் செம்புக் கம்பி திருடியதாக ஒரு பழைய வழக்கு. அது போதும்.

வாக்குமூலம் எழுதுவது ரைட்டர் வேலை. அவள் முக்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தினின்னு சொல்லணும்மா?" என்று அவனே ஆரம்பித்தான். "அந்த சாரு பதினொண்ணுன்னாரு. நான் வாய் தவறி பன்னண்டுன்னுட்டேன், அடிச்சிட்டாரு."

"நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்னே எழுதிக்கம்மா. ஒத்துக்கினா மூணு மாசத்துல வெளிய வந்துடலாமாம். இல்லாங்காட்டி எம் புள்ளையையும் சேத்துடுவேன்றாரு. அவன் இப்பத்தாம்மா தோல் பேக்டரில வேலைக்கு சேந்துக்கிறான்."

"பெரியவரே, என்கிட்ட நிஜத்தச் சொல்லுங்க."

சம்பங்கி அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அந்த வெளக்கு எரிஞ்சே நான் பாத்தது இல்லம்மா. அதுக்குள்ள இன்னா இருக்கும்னு நான் போயி கை விடப்போறேன்?"

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து நேரே இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள். தணிகைவேல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த பேட்டரி எதுவும் திருடு போகல. நான்தான் கற்பனையா எழுதினேன்."

"கதவச் சாத்திட்டு வா" என்றார். சாத்தினாள். "தெரியும்மா."

"தெரியுமா?"

"முப்பத்திரண்டு வருஷம் இந்தச் சட்டையப் போட்டிருக்கேன். கேஸோட மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. எழுதிட்டா நடந்ததுதான். இப்ப பொருள் இருக்கு, ஆளு இருக்கு, இன்ஜினியர் கையெழுத்து இருக்கு. இல்லாதது திருட்டு ஒண்ணுதான். அது இனிமே எதுக்கு?"

"தப்பு செய்யாத ஆளு ஜெயிலுக்குப் போறாரு சார்."

"ரெண்டு மணிக்கு ரிமாண்டுக்கு அனுப்பறோம். மூணு மணிக்குப் பந்தி. அதுக்குள்ள நீ வாயத் தொறந்தேன்னா பதினொண்ணும் பொய் கேஸுன்னு அடிபட்டுடும். நாப்பத்து நாலு புள்ளியும் போச்சு. சாயங்காலமே பதினாலு பேரும் பெட்டியக் கட்டிடுவானுங்க. அப்புறம் அந்த ஹேமாவதி வாசல்ல யாரு நிக்கறது? முட்டிவலிக்காரனா?" அவர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். குரலில் கேலி இல்லை. "அந்தாளுக்கு மூணு மாசம். அந்தப் பொண்ணுக்கு உசுரு. நீயே யோசிச்சுக்க."

மனுஷன் சொன்னது பொய்யென்றால் அவள் சண்டை போட்டிருப்பாள். சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அவளைப் போட்டு வதைத்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஹேமாவதி போன் செய்தாள். மூச்சு இரைத்தது.

"அக்கா, காலைல அவன் போன் பண்ணான். 'போலீஸ் எத்தினி நாளைக்கு நிப்பான், நான் நிப்பேன்டி'ன்னான். பஸ் ஸ்டாண்டுல பாத்ததா எங்க சென்டர் வாட்ச்மேன் சொல்றாரு."

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். "ஹேமா, நாலு நாள் எங்கயாச்சும் போயிருக்க முடியுமா? உங்கம்மா வீட்டுக்கு?"

"எங்கம்மா அவனுக்குச் சொந்த அத்தைக்கா. அங்க மொத எலை அவனுக்குத்தான் போடுவாங்க. ஏன்க்கா? போலீஸ எடுக்கப்போறாங்களா?"

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னாள். பேட்டரியைச் சொன்னாள், சம்பங்கியைச் சொன்னாள். அந்தப் பக்கம் டயாலிசிஸ் மெஷின் ஒன்று கூவியது.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் ஹேமாவதி. "பாவம்தான். ஆனா எனக்குப் போலீஸ் வேணும். நான் செத்துட்டா எம் பொண்ணு உங்க ரசீத வெச்சிக்கினு என்ன பண்ணுவா?"

போனைத் துண்டித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? உயிருக்குப் பயந்தவளிடம் போய்ப் பெருந்தன்மையைக் கேட்டது கோகிலவாணியின் தவறு.

மணி ஒன்றேகால். பிரித்திவிராஜ் மேசையைத் தட்டினார். "ரைட்டரம்மா, வாக்குமூலம் ரெடியா? வண்டி நிக்குது."

"பத்து நிமிஷம் சார்."

காகிதத்தை எடுத்தாள். 'நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்' என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. பேட்டரிகளை எப்படிக் கழற்றினான் என்று எழுத வேண்டும். சம்பங்கிக்குத் தெரியாது, பிரித்திவிராஜுக்குத் தெரியாது, அவளே யோசித்து எழுதினால்தான் உண்டு. முதலில் திருட்டை உண்டாக்கினாள். இப்போது திருடனையும் உண்டாக்கச் சொல்கிறார்கள். பேனாவை மூடி வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஹேமாவதியைக் காப்பாற்றுகிறேன் என்று பேட்டரிக் கதை எழுதினாளே, ஹேமாவதியின் கதையை ஏன் எழுதவில்லை? நாலு புகார், நாலும் நிஜம், நாலும் அவள் மேசை இழுப்பறையில். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்றார், சரி. பேட்டரிக்கு மட்டும் அவரைக் கேட்டா எழுதினாள்? நிஜத்தை எழுதப் பயந்துகொண்டு பொய்யைத் தைரியமாக எழுதியிருக்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா?

கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். முதலில் ஹேமாவதியின் நாலு புகாரையும் ஒவ்வொன்றாக எஃப்.ஐ.ஆராகப் பதிந்தாள். நாலு புள்ளி. மூன்றுக்கு ஒரு ஆள். பதினாலு பேர் போனாலும் ஒரு ஆளாவது அந்த வாசலில் நிற்கட்டும்.

பிறகு புதிதாக ஒன்றைத் திறந்தாள். காவல் நிலையத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். ஆயிரக்கணக்கான எதிரிகளை அவள் எழுதியிருக்கிறாள். 'எதிரியின் பெயர்' என்ற இடத்தில் கோகிலவாணி என்று அடித்தாள். 'எதிரியின் வகை' என்று கேட்டது. 'அரசு ஊழியர்' என்பதைத் தொட்டாள். குற்றம் நடந்த இடம்: புன்னைத்தாங்கல் காவல் நிலையம், ரைட்டர் மேசை. குற்றம்: நடக்காத திருட்டை நடந்ததாக அரசாங்கப் பதிவேட்டில் எழுதியது. திரை ஒரு கேள்வியைப் போட்டது: 'புகார்தாரரும் எதிரியும் ஒரே நபர் எனப் பதிவாகிறது. சரியா?'

"சரிதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு அழுத்தினாள்.

ஒன்றல்ல, பதினொன்று. ஒரு பொய்க்கு ஒன்றாகப் பதினொரு தடவை அதே பெயரை அடித்தாள். பதிவான நொடியே ஒரு நகல் நீதிமன்றத்துக்குப் போய்விடும். இன்ஸ்பெக்டர் தலைகீழாக நின்றாலும் திரும்ப வாங்க முடியாது. கடைசியை அழுத்தும்போது மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுதி மாளாது. பிரித்திவிராஜ் மேசையை உதைத்தார். தணிகைவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிமாண்டுக்குப் போக இருந்த வண்டியின் இன்ஜினை டிரைவர் சத்தமில்லாமல் நிறுத்தினார். நீதிமன்றத்திலிருந்து போன் வந்தது, எஸ்.பி. அலுவலகத்திலிருந்து வந்தது. கோகிலவாணி தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சம்பங்கிக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவள் மனம் முழுக்க ஒரே வாசலில்தான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் அங்கே காவலுக்கு ஒரே ஒரு ஆள். எதிரே, கிளம்பி வந்துவிட்ட முரளி.

இரண்டரைக்கே பதினாலு பேரும் துணிமணியை மடிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்று மணி. சுவர்த்திரையில் பந்தி எழுந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். புன்னைத்தாங்கல், நடப்பு பலம் பதினெட்டு. எண் மறைந்தது. பழைய நாலு பேரோடு ஒன்று சேர்ந்து ஐந்து என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள்.

முப்பத்தெட்டு என்று வந்தது.

"இது என்ன கூத்து?" என்றார் தணிகைவேல். உதவி மையத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். யாழினிதான் எடுத்தாள்.

"கணக்கு தப்பா காட்டுதும்மா. பதினோரு கேஸ் பொய்யின்னு போயிருக்கு. ஆளு கொறையணும். ஏறியிருக்கு."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இல்ல சார், சரியாத்தான் இருக்கு. திருட்டு பதினொண்ணும் கழிஞ்சிடுச்சு. ஆனா புதுசாப் பதினொரு குற்றம் பதிவாகியிருக்கே. அரசு ஊழியர் பதவியத் தப்பாப் பயன்படுத்தினா ஒண்ணுக்கு ஒன்பது புள்ளி சார். அதுவே தொண்ணூத்தொன்பது. கூட மிரட்டல் ஒரு நாலு."

"ஒன்பதா? எவன் போட்டான் அப்படி?"

"ஆரம்பத்துலயே போட்டிருக்காங்க சார். மத்த புள்ளியெல்லாம் வருஷா வருஷம் பேசிப் பேசிக் கொறைப்பாங்க. இத யாரும் தொட்டதில்ல." மறுபடி தட்டச்சுச் சத்தம். "இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட வந்ததே இல்ல சார். மாநிலத்துலயே இதான் முதல்."

தணிகைவேல் போனை வைத்தார். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவள் அழுதுவிட்டாள். முந்தானை இல்லாத காக்கிச் சட்டையில் கண்ணைத் துடைக்க ஒன்றுமில்லாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குச் சம்பங்கியை விட்டார்கள். அவன் படியிறங்கியவன் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான்.

"யம்மா, அப்போ அந்த பேட்டரியெல்லாம் யாருதான் எடுத்தது?"

"யாரும் எடுக்கலீங்க."

"நானும் எடுக்கல?"

"நீங்களும் எடுக்கல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவள் வாயால் கேட்ட பிறகுதான் அவனுக்கே நிச்சயமானது போலிருந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்ற தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

நாலரை மணிக்குப் புது ஆட்கள் மூன்று வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முதல் வேலையே எதிரியைக் கோர்ட்டில் ஆஜர்படுத்துவதுதான். இரண்டு பெண் காவலர்கள் கோகிலவாணியை ஜீப்பில் ஏற்றினார்கள். சின்னவள் பயிற்சி முடித்து ஒரு மாதம்கூட ஆகாதவள். கைதானவள் சீனியர் என்பதால் எங்கே கையைப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

"பரவால்லம்மா, நானே ஏறிக்கறேன்" என்றாள் கோகிலவாணி. டிரைவரிடம் மட்டும் ஒரு உதவி கேட்டாள். "அண்ணே, பள்ளிக்கூடத் தெரு வழியாப் போங்க."

போனார். தெருமுனையில் இரண்டு பேர் நின்றார்கள். ஹேமாவதி வீட்டு வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பெண் காவலர்கள். எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி ஒருவர். குழந்தை கதவிடுக்கில் தலையை நீட்டி அந்தத் துப்பாக்கியை வேடிக்கை பார்த்தது. ஹேமாவதி அதன் தோளைப் பிடித்தபடி நின்றாள். ஜீப்பைப் பார்த்தாள். உள்ளே தொப்பியில்லாமல் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, கோகிலவாணி கையைத் தூக்கவில்லை. தெரு முடிகிறவரை திரும்பித் திரும்பி ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஜீப் மெயின் ரோட்டில் ஏறியது. எதிரே இன்னொரு போலீஸ் வேன் ஊருக்குள் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? ஒரு பஸ் ஸ்டாண்டும் ஒரு மார்க்கெட்டும் இருக்கற ஊரு. இதுக்குப் போயி இவ்ளோ போலீஸப் போட்டிருக்காங்களே, எத்தன எதிரிங்கக்கா இந்த ஊர்ல?"

"ஒருத்திதாம்மா" என்றாள் கோகிலவாணி.